ஸ்கூட்டரைச் சாய்ப்பது ஏன்?

மட்டாஞ்சேரியில் பனி பெய்வதில்லை. தை மாத விடியலிலும் வெப்பம் பெரும்பாலும் 22, 23 பாகையளவிலேயே நிற்கும். அவ்வாறிருக்க, “குளிரில் வண்டி கிளம்பவில்லை” என்று இங்கு ஒருவர் சொன்னால் கேட்போர் நகைப்பர் அன்றோ? ஆயினும் எங்கள் வீட்டு ஸ்கூட்டர் சென்ற மழைக்காலம் முழுவதும் அப்படித்தான் அடம்பிடித்தது.

என் தந்தையார் பிழைப்புக்காகப் போடிநாயக்கனூரிலிருந்து இங்கு வந்தவர். பஜார் ரோட்டில் ஒரு மிளகுப் பண்டகசாலையில் கணக்கு எழுதுகிறார். அவருடைய வண்டி என்னிலும் வயதில் மூத்த பஜாஜ் சேத்தக். ராணா பிரதாபரின் குதிரைப் பெயரைத் தாங்கி 1972இல் வெளிவந்த ஸ்கூட்டர் வகை அது. இன்று அப்பெயரில் விற்பது 2020இல் வந்த மின்சார வண்டி. அதற்குக் கார்புரேட்டரும் இல்லை, உதையும் இல்லை.

காலைதோறும் தந்தையார் வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, சிறிது நேரம் பிடித்து, நிமிர்த்திய பின்னரே உதைப்பார். இரசாயனத்தில் முதுநிலை பயிலும் நான், “கோயில் வாசலில் கன்னத்தில் போட்டுக்கொள்வது போல இதுவும் ஒரு சடங்கா?” என்று கேலி செய்வேன். மழை தொடங்கியதும் அச்சடங்கும் பலிக்கவில்லை. இருபது முப்பது உதை உதைத்து அவருடைய வலது முழங்கால் வீங்கிற்று. பழுது பார்ப்பவர் ஒருவர், “சிலிண்டர் தேய்ந்துவிட்டது, பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்” என்றார். அன்றிரவு தந்தையார் என்னிடம், “விக்கிறதுக்கு முன்னால நீ ஒருதடவை பாருப்பா, படிச்ச பையன்தானே” என்றார். கேலி செய்த வாய் அடைத்துப் போயிற்று.

இனி, குளிர் என்பது என்ன? இங்குக் குளிர்ந்திருப்பது ஊர் அன்று, இயந்திரம். பெட்ரோல் நீர்மமாக இருக்கும்போது எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்தபின்னரே எரியும். ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்பது எடைக் கணக்கு. சூடேறிய இயந்திரத்தில் பெட்ரோல் எளிதில் ஆவியாகும். இரவெல்லாம் நின்ற இயந்திரத்திலோ ஒரு பகுதிதான் ஆவியாகும். மீதி சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அன்றியும், காலால் உதைக்கும் வேகத்தில் காற்று மெல்லவே ஓடும். அதனால் பெட்ரோலை உறிஞ்சும் வலிமையும் குறையும். ஆகவே தொடக்கத்திற்கு மட்டும் கூடுதல் பெட்ரோல் தேவை. அதைத் தருவதே சோக்.

இவ்வகை ஸ்கூட்டரில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு அன்று. அதை இழுத்தால் ஒரு தனிச் சிறு வழி திறக்கும். தனி ஜெட் ஒன்றின் வழியாகப் பெட்ரோல் ஏறும். அவ்வழி வேலை செய்ய இயந்திரத்தின் உறிஞ்சல் முழுதும் அதன்மேல் விழ வேண்டும். ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டு உதைத்தால் உறிஞ்சல் சிதறிப்போகும். நாம் பலரும் செய்வது இத்தவறே.

சாய்ப்பதன் பொருளும் இப்போது விளங்கும். கார்புரேட்டரின் ஓரத்தில் மிதவை அறையொன்று உண்டு. வண்டி சாயும்போது அதிலுள்ள பெட்ரோல் ஜெட்டின் பக்கம் உயர்ந்து காற்றுவழியில் சிறிது வழியும். சோக் தரவேண்டியதைச் சாய்வு தருகிறது! தந்தையார் செய்தது சடங்கு அன்று. ஆனால் சோக் இருக்கச் சாய்வு ஏன் தேவைப்பட்டது? நோய் அங்கேதான் இருந்தது.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதே முதற்சோதனை. பலமுறை உதைத்தபின்னும் அது உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்தது, அல்லது பொறி இல்லை. எங்கள் பிளக் உலர்ந்திருந்தது. அதைக் கம்பியில் மாட்டி, உடலை இயந்திர இரும்பில் தொடவைத்து, பிளக் துளைக்கும் பெட்ரோலுக்கும் எட்ட வைத்து உதைத்தபோது நீலப் பொறி தெறித்தது. பிளக்கை மீண்டும் பூட்டி உதைக்கையில் கால் நல்ல எதிர்ப்பை உணர்ந்தது. ஆகவே சிலிண்டர் தேய்ந்தது என்ற தீர்ப்பும் ஐயத்துக்குரியதாயிற்று. மிஞ்சியது பெட்ரோல் வரும் வழி.

கார்புரேட்டரைத் திறந்தேன். சோக்கின் ஜெட் பழுப்புப் பிசினால் அடைபட்டிருந்தது. காரணம் எளிது. இந்த இயந்திரத்துக்கு லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய் கலந்த பெட்ரோல் ஊற்றுகிறோம். வண்டி நாட்கணக்கில் நின்றால் பெட்ரோல் பறந்துபோகும், எண்ணெய் தங்கிவிடும். கோடை விடுமுறையில் நாங்கள் ஊருக்குப் போனபோது பெட்ரோல் டாப்பைக்கூட மூடவில்லை. குற்றம் வண்டியினுடையது அன்று, எங்களுடையது.

இன்னொன்றும் உண்டு. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை நம் நாடு 2025இல் எட்டியது. எத்தனால் எரிய 9 பங்கு காற்றே போதும். எனவே பழைய ஜெட்டுகளில் கலவை சற்று மெலிந்துவிடும். அது ஆவியாகப் பெட்ரோலைப் போல இரண்டரை மடங்கு வெப்பம் வேண்டும். குளிர்ந்த இயந்திரத்துக்கு இது மேலும் ஒரு சுமை. எத்தனால் நீரையும் ஈர்க்கும். காயற்காற்று வீசும் இவ்வூரில், பாதி காலியான டாங்கியில் நீர் சேர்ந்து அடியில் தனியே பிரியக்கூடும். பழைய ரப்பர்களும் அதனால் உப்பிக் கெடலாம்.

ஜெட்டைப் பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றால் ஊதினேன். கம்பி கொண்டு குத்தலாகாது. பித்தளைத் துளை பெரிதாகிவிடும். பழைய பெட்ரோலைக் கொட்டிப் புதிது ஊற்றினோம். சோக்கை இழுத்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் தந்தையாரை உதைக்கச் சொன்னேன். மூன்றாம் உதையில் புகை கக்கி வண்டி உயிர்பெற்றது!

நண்பர்களே, பழைய வண்டி வைத்திருப்போர் வாரக்கணக்கில் நிறுத்துமுன் டாப்பை மூடி, கார்புரேட்டர் வற்றும்வரை இயந்திரத்தை ஓடவிடுங்கள். பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்தால், டாப்பை மூடி, பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவையுங்கள். பொறி தெறிக்காதபடி பிளக் கம்பியைத் துளைக்கு எட்ட வைத்து, ஆக்ஸிலேட்டரை முழுதும் திறந்து பத்துமுறை உதையுங்கள். பெரிய செலவைச் சொல்லுமுன் சிறிய துளையைப் பாருங்கள்.

தந்தையார் இன்றும் வண்டியைச் சாய்த்தே உதைக்கிறார். இனித் தேவையில்லை என்று விளக்கினேன். “சரிப்பா” என்று சொல்லிக்கொண்டே சாய்க்கிறார். நானும் இப்போது சிரிப்பதில்லை.