இடுப்பு முடிச்சில் இருக்கிறது ரகசியம்!

1866-ம் ஆண்டு. லண்டனுக்கு அருகே, மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்கான ஒரு காப்பகத்தில் டாக்டராக இருந்தார், லாங்டன் டௌன்.

அங்கே ஒரு விசித்திரத்தை அவர் கண்டார். வெவ்வேறு வீடுகளில் பிறந்த சிலர், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல ஒரே முகச்சாயலில் இருந்தார்கள்.

என்ன காரணம்? பெற்றோருக்கு இருந்த காசநோய்தான் காரணம் என்று டௌன் எழுதினார். அது தவறு. பிறகு வந்தவர்களும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். குடி என்றார்கள். மேகநோய் என்றார்கள். பழியெல்லாம் பெற்றவர்கள் தலையில் விழுந்தது.

இப்படியே 90 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. 1959-ல்தான் உண்மை வெளியாயிற்று. பாரீஸ் நகரில் லெஜூன், மார்த் கோத்தியே, டுர்பின் என்ற மூன்று டாக்டர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். (மார்த் கோத்தியே பெண்மணி. உயிரணுக்களை வளர்த்து எடுத்தவர் அவர்தான். ஆனால் முதல் கட்டுரையில் அவர் பெயரையே தவறாக அச்சிட்டு விட்டார்கள்!)

மனிதனின் உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உண்டு. 23 தாய் தந்தவை. 23 தந்தை தந்தவை. அந்தக் குழந்தைகளுக்கோ 47 இருந்தன. 21-ம் எண் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தது.

அந்த ஒன்று எப்படிக் கூடுதலாக வந்தது?

ஆளுக்கு ஒன்று

குரோமோசோம் என்பது சுருட்டி வைத்த நூல் போன்றது. ஓர் உயிரணுவில் உள்ள 46 நூல்களையும் பிரித்து, ஒன்றோடொன்று சேர்த்து நீட்டினால் ஆறு அடிக்கு மேல் வரும். உடம்பு எப்படி அமைய வேண்டும் என்ற குறிப்பெல்லாம் அந்த நூலில்தான் இருக்கிறது.

நம் உடம்பில் ஒவ்வொரு வினாடியும் லட்சக்கணக்கான உயிரணுக்கள் இரண்டு இரண்டாகப் பிரிகின்றன. பிரிவதற்கு முன்பு, ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போலவே ஒரு பிரதி எடுத்துக் கொள்கிறது. அந்த இரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒட்டிக்கொண்டே இருக்கும்.

பிறகு நடப்பது பாகப்பிரிவினை. ஆனால், "வீடு உனக்கு, தோட்டம் எனக்கு" என்ற பேச்சு இங்கே இல்லை. 46 ஜோடியிலும் ஆளுக்கு ஒன்று வந்தாக வேண்டும். ஒன்று கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை.

இதைக் கண்ணால் பார்த்து எழுதியவர், ஜெர்மனி நாட்டுப் பேராசிரியர் வால்தர் ஃபிளெமிங். சாலமாண்டர் என்று ஒரு பிராணி உண்டு. பார்வைக்குப் பல்லி போல இருக்கும், தவளைக்கு உறவு. அதன் உயிரணுக்களுக்குச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். 1882-ல் புத்தகமாகவே வெளியிட்டார். குரோமோசோமில் ஓரிடம் மட்டும் ஒடுங்கி, இடுப்பு போல இருப்பதையும் அவர் கண்டார்.

அந்த இடுப்புக்கு 1936-ல் 'சென்ட்ரோமியர்' என்று பெயர் வைத்தார், இங்கிலாந்து விஞ்ஞானி டார்லிங்டன். நடுப்பகுதி என்று அர்த்தம். பெயர்தான் அப்படி! 21-ம் எண் குரோமோசோமில் அது ஒரு முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கயிறு இழுக்கும் போட்டி

இரட்டைகளைக் கடைசி வரை கட்டி வைத்திருப்பது இந்த இடுப்புதான். பிரிப்பதற்குப் பிடி கொடுப்பதும் இதுதான்.

உயிரணுவின் இரு முனைகளிலிருந்தும் மெல்லிய கயிறுகள் நீண்டு வருகின்றன. ஒரு முனைக் கயிறு ஒரு குரோமோசோமின் இடுப்பைப் பிடிக்கிறது. எதிர்முனைக் கயிறு அதன் இரட்டையைப் பிடிக்கிறது. இரண்டு பக்கமும் இழுக்கின்றன. இடுப்புக் கட்டு விடுவதில்லை. கயிறு விறைக்கிறது.

46 ஜோடிகளும் இப்படி விறைத்து நின்ற பிறகே, கத்தரிக்கோல் போன்ற ஒரு புரதம் வந்து கட்டை வெட்டுகிறது. ஒரே ஒரு ஜோடி சரியாக மாட்டாவிட்டாலும் மற்ற 45-ம் காத்திருக்கின்றன!

விறைப்பை வைத்துத்தான் உயிரணு கணக்குப் பார்க்கிறதா? அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லி, நிக்லஸ் இருவரும் 1995-ல் இதைச் சோதித்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக் கொண்டது கும்பிடு பூச்சி! அந்தப் பூச்சியின் விந்தணுவாகும் உயிரணு ஒன்றில், ஒரு குரோமோசோம் ஜோடி சேராமல் தனியே நின்றது. ஒரு பக்கக் கயிறுதான் அதைப் பிடித்திருந்தது. உயிரணு பிரியாமல் மணிக்கணக்கில் காத்திருந்தது. மிக நுண்ணிய கண்ணாடி ஊசியால் அந்தக் குரோமோசோமை எதிர்ப்பக்கம் இழுத்தார்கள். கயிறு விறைத்தது. 'எல்லாம் சரி' என்று ஏமாந்து, உயிரணு பிரிந்துவிட்டது!

கயிறுகளே உருவாகாமல் தடுத்தால்? பிரிவினை பாதியில் நின்றுவிடும். கால்ச்சிசின் என்ற மருந்து அதைத்தான் செய்கிறது. நம் செங்காந்தளில், அதாவது கண்வலிக் கிழங்குச் செடியில், இருக்கும் நஞ்சு இதுவே. இந்த மருந்தைக் கொண்டு உயிரணுக்களை நிறுத்தித்தான், ஸ்வீடனில் ஜியோ, லெவான் இருவரும் 1956-ல் மனிதக் குரோமோசோம்களைச் சரியாக எண்ணினார்கள். அதுவரை புத்தகங்களில் 48 என்றே இருந்தது.

நாற்பது ஆண்டுக் காத்திருப்பு

கருமுட்டையின் கதை வேறு. அதற்குப் பாதிக் குரோமோசோம்கள், 23 போதும். ஆகவே இரண்டு தடவை பிரிவினை.

முதல் தடவையில், தாய்வழி வந்த 21-ம் எண் ஒரு பக்கமும், தந்தைவழி வந்த 21-ம் எண் மறுபக்கமும் போகின்றன. இரட்டைகள் அப்போது பிரியக் கூடாது. அவற்றின் இடுப்பில் கத்தரிக்கோல் படாமல் ஒரு புரதம் காவல் நிற்கிறது, ஊர் எல்லையில் அய்யனார் நிற்பது போல! 2004-ல் அதை ஆராய்ந்த ஜப்பான் விஞ்ஞானிகள் வைத்த பெயரும் 'சுகோஷின்'. காவல் தெய்வம் என்று பொருள். இரண்டாம் தடவையில் காவல் விலகுகிறது. இரட்டைகள் பிரிகின்றன.

இதில்தான் ஒரு சிக்கல். பெண் குழந்தை தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே, அதன் கருமுட்டைகளில் இந்தப் பிரிவினை தொடங்கி, நடுவில் நின்றுவிடுகிறது. அவள் வளர்ந்து, பெரியவளாகி, அந்த முட்டைக்கு முறை வரும்போதுதான் தொடர்கிறது. அது 15 ஆண்டாகவும் இருக்கலாம். 40 ஆண்டாகவும் இருக்கலாம். அத்தனை காலமும் பழைய கட்டே தாங்க வேண்டும். கட்டு புதுப்பிக்கப்படுவதாகத் தெரியவில்லை என்று 2010-ல் எலிகளிடம் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின.

நாளான கட்டு தளர்ந்தால், 21-ம் எண் இரண்டும் ஒரே முட்டைக்குள் போய்விடலாம். தந்தையிடமிருந்து ஒன்று சேரும்போது மூன்றாகிறது.

அதனால்தான் தாயின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது. 20 வயதை ஒட்டிய தாய்மாரில் சுமார் 1,400 பிரசவத்துக்கு ஒன்று. 35 வயதில் சுமார் 350-க்கு ஒன்று. 40 வயதில் சுமார் 100-க்கு ஒன்று. இளம் வயதுத் தாய்க்கு வராது என்பதில்லை. சிலருக்கு அந்தக் கூடுதல் குரோமோசோம் தந்தையின் விந்தணு வழியாகவும் வருகிறது. கர்ப்பிணி கிரகணம் பார்த்ததாலோ, எதையாவது தின்றதாலோ வருவதல்ல இது. அவள் கருவுறும்போதே எண்ணிக்கை முடிந்துவிட்டது.

இந்தக் குழந்தைகளுக்காக ஐக்கிய நாடுகள் சபை 2012 முதல் ஒரு நாளை அனுசரித்து வருகிறது. மார்ச் 21. மூன்றாவது மாதம், 21-ம் தேதி!