செவிக்கு ஒரு புதிய சிகிச்சையும் நம் ஆயத்தமும்

ஐம்புலன்களுள் செவிக்குத் தனிச் சிறப்பு உண்டு. வள்ளுவப் பெருந்தகை கேள்விச் செல்வத்திற்கென்றே தம் நூலின் 42ஆம் அதிகாரத்தை வகுத்தார். தாய் பேசுவதைக் கேட்டே குழந்தை பேசக் கற்கிறது. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு இவ்வழி அடைபட்டுப் போகிறது. அதைத் திறக்கும் புதிய சிகிச்சை ஒன்று இன்று உலகில் தோன்றியுள்ளது. அது யாருக்குப் பயன்படும், அதற்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

நாம் கேட்பது எப்படி? ஒலி செவிப்பறையை அதிரச் செய்கிறது. அவ்வதிர்வு உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவை அடைகிறது. அங்குள்ள நுண்ணிய மயிர் செல்கள் அதை உணர்ந்து, செய்தியைச் செவி நரம்பிடம் ஒப்படைக்கின்றன. அவ்வாறு ஒப்படைக்க ‘ஓட்டோஃபெர்லின்’ என்ற புரதம் வேண்டும். அதை உண்டாக்கும் மரபணு பழுதானால், செல்கள் நலமாயிருந்தும் செய்தி நரம்பைச் சேராது. கடிதம் எழுதியாயிற்று, கொண்டு சேர்க்கத் தபால்காரர் இல்லை என்பது போன்ற நிலை இது.

பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் கிறிஸ்டின் பெத்தி அம்மையாரின் குழுவினர் 1999இல் இம்மரபணுவைக் கண்டறிந்தனர். பழுதற்ற மரபணுவை உட்செவிக்குள் கொண்டு செல்ல, நோய் தராத ஒரு வைரஸை அறிஞர்கள் வாகனமாக்கினர். மரபணுவிலுள்ள செய்தியோ சுமார் 6,000 எழுத்து நீளம். அந்த வைரஸ் சுமக்கக் கூடியது சுமார் 4,700 மட்டுமே. ஆகவே அதை இரு கூறாக்கி, இரு வைரஸ்களில் ஏற்றி அனுப்பினர். ஷாங்காய் நகரில் ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவர்கள் இவ்வாறு சிகிச்சை அளித்த 6 குழந்தைகளுள் 5 பேர் கேட்கும் திறன் பெற்றனர் என்று 2024 ஜனவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்டது.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் 2023 அக்டோபரில் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கும் இச்சிகிச்சை நடந்தது. ஒலிகள் அவன் காதில் விழுந்தன. ஆயினும் மொழி கற்கும் இளம் பருவம் கடந்துவிட்டதால், அவனுக்குப் பேச்சு வராமலே போகலாம் என்று மருத்துவர்கள் கூறினர். சிகிச்சை வருவது மட்டும் போதாது, அது வரும்போது குழந்தையின் மூளை மொழிக்கு ஆயத்தமாய் இருக்க வேண்டும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

அந்த ஆயத்தம் யாது?

முதலாவது, பிறந்த 1 மாதத்திற்குள் செவிப் பரிசோதனை. ‘ஓ.ஏ.இ.’ என்ற எளிய சோதனை மயிர் செல்களின் நலத்தை மட்டுமே காட்டும். ஓட்டோஃபெர்லின் குறையுள்ள குழந்தை அதில் தேறிவிடக் கூடும். ஆகவே ஐயமிருந்தால், நரம்புவழிச் செய்தியை அளக்கும் ‘பெரா’ சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். 3 மாதத்திற்குள் குறையை உறுதி செய்து, 6 மாதத்திற்குள் உதவி தொடங்குவதே முறை.

இரண்டாவது, மரபணுச் சோதனை. இப்புதிய சிகிச்சை ஓட்டோஃபெர்லின் குறைக்கு மட்டுமே உரியது. நம் நாட்டில் அதைவிட அதிகமாய்க் காணப்படுவது ‘கனெக்சின் 26’ மரபணுவின் குறை. காரணம் எதுவென்று தெரிந்தால்தான் எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று தெரியும். தாய் தந்தை இருவரும் நன்றாகக் கேட்பவராயிருந்தும் இக்குறை பிள்ளைக்கு வரலாம். இருவரிடமும் பழுதான மரபணு ஒவ்வொன்று மறைந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் மணமுடிக்கும் குடும்பங்களில் இது மிகுதி. ஆகவே பெற்ற தாயைப் பழிப்பது அறியாமை.

மூன்றாவது, காத்திருந்து காலத்தைக் கழிக்காமை. செவிக் கருவியும், காக்ளியர் உள்வைப்பு அறுவையும் இன்றே கிடைப்பவை. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இவ்வறுவை செய்யப்படுகிறது. காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்ததாகையால், இங்குள்ள பெற்றோர் ‘அடிப்’ என்னும் மத்திய அரசுத் திட்டத்தைப் பற்றி மருத்துவரிடம் விசாரிக்கலாம். ஒரு காதில் உள்வைப்புப் பெற்ற குழந்தைக்கு மறு காதில் புதிய சிகிச்சை அளித்த ஆய்வுகளும் உண்டு. எனவே இன்றைய உதவி நாளைய வாய்ப்பை அடைத்துவிடும் என்று அஞ்சி நாளைக் கடத்த வேண்டாம். மருத்துவரிடம் கலந்து முடிவு செய்க.

நான்காவது, மொழி. பேச்சாயினும் சைகையாயினும் குழந்தையோடு நாள்தோறும் உரையாடுக.

ஐந்தாவது, விழிப்பு. நம் நாட்டில் நடக்கும் புதிய மருந்துச் சோதனைகள் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். அதில் இல்லாத ஒன்றைக் காட்டிப் பணம் கேட்போரை நம்ப வேண்டாம்.

மாணவியரே! உங்கள் இல்லத்துக் கைக்குழந்தை கதவு அறையும் ஓசைக்குத் திடுக்கிடவில்லையா? 6 மாதமாகியும் குரல் வரும் திசையில் திரும்பவில்லையா? ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று பெரியோர் சொன்னாலும், பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்படி அன்போடு வற்புறுத்துங்கள். உங்கள் ஒரு சொல் அக்குழந்தையின் ஆயிரம் சொற்களுக்கு வழி திறக்கும்.