அலமாரிக்கு எந்தப் பூச்சு?

காரைக்காலில், கடற்காற்று வீசும் தெருவில் உள்ள ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரை மாதத்தில் ஆசாரி வந்து சமையலறைக்குப் புதிய தேக்கு அலமாரி செய்து கொடுத்தார். கதவுகளின் வெளிப்பக்கத்துக்குப் பளபளவென்று பாலிஷ் ஏற்றியாயிற்று. உட்பக்கம் யார் கண்ணில் படப்போகிறது என்று வீட்டார் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. கார்த்திகைக்குள் கதவுகள் வளைந்து, மூட முடியாமல் போயின. மரம் மட்டம் என்றார் ஒருவர். ஆசாரியின் வேலை மட்டம் என்றார் இன்னொருவர். உண்மையான குற்றவாளி யார்?

மரம் ஈரத்தை உறிஞ்சும்

வெட்டி உலர்த்திப் பலகையாக்கிய பிறகும் மரம் காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சிக்கொண்டும் வெளிவிட்டுக்கொண்டும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதமாக நீடித்தால், மரத்தில் அதன் உலர்ந்த எடையில் சுமார் 11 சதவீதம் நீர் தங்கும். ஈரப்பதம் 90 சதவீதமாக நீடித்தால் இது சுமார் 20 சதவீதமாக உயரும். நீர் ஏற ஏற மரத்தின் நார்கள் உப்புகின்றன. பலகை நீளவாக்கில் அதிகம் மாறுவதில்லை, அகலத்தில் விரிகிறது.

அரசலாறு கடலில் கலக்கும் காரைக்காலில் வடகிழக்குப் பருவமழைக்காலத்தில் காற்றில் ஈரம் மிகுதி. அத்துடன் இட்லிப் பானையின் ஆவியும் சேர்கிறது. நம் கதவின் உட்பக்கம் ஈரத்தை வேகமாக உறிஞ்சி விரிந்தது. பாலிஷ் போட்ட வெளிப்பக்கம் அவ்வாறு விரியவில்லை. அட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்தால் அது வளைவதைக் கண்டிருப்பீர்கள். இங்கு நடந்ததும் அதுவே!

எந்தப் பூச்சும் ஈரத்தை முற்றிலும் தடுப்பதில்லை. அது உள்ளே செல்லும் வேகத்தைக் குறைக்கிறது. ஆகவே உள்ளும் புறமும், விளிம்புகளிலும் ஒரே அளவு பூச வேண்டும் என்பது முதல் விதி. அடுத்து, எதைப் பூசுவது?

ஆளி விதை எண்ணெய்

இதைப் பூசினால் மரத்தின் நிறம் அழகாக எழும்பும். இந்த எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகிறது. ஆனால் நீராவியைத் தடுப்பதில் இது மிகவும் பின்தங்கியது. மேலும் ஓர் எச்சரிக்கை: ஆக்ஸிஜனுடன் சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, துணி தானாகவே தீப்பற்றக்கூடும். அவற்றை வெளியில் விரித்து உலர்த்த வேண்டும்.

அரக்கு

காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றது. 1954 நவம்பர் 1 அன்று அதன் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. ஆகவே ‘பிரெஞ்சு பாலிஷ்’ என்ற பெயரைக் கேட்டதும் அது அவர்கள் நாட்டுச் சரக்கு என்று தோன்றும். ஆனால் அதில் உள்ள அரக்கைத் தருவது நம் நாட்டில் புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் ஒரு சிறு பூச்சி! இதை ஆராய 1924-ல் ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்னும் இடத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையமே தொடங்கப்பட்டது.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுகிறார்கள். ஸ்பிரிட் ஆவியாகிவிட, அரக்கு படலமாகத் தங்குகிறது. இது நீராவியை நன்றாகவே தடுக்கும். பழுதானால் மேலே இன்னொரு கை பூசிச் சரிசெய்துவிடலாம். ஆனால் சமையலறையில் இதற்குப் பகைவர்கள் பலர். சூடான காப்பி டம்ளரை வைத்தால் இளகித் தடம் விழும். தண்ணீர் தேங்கினால் வெளுக்கும். சலவைச் சோடா போன்ற காரங்கள் இதைக் கரைத்துவிடும்.

பாலியூரிதேன்

1937-ல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்பவரின் குழுவினர் கண்டறிந்த செயற்கைப் பொருள் இது. இந்த வகை வார்னிஷ் இறுகும்போது மூலக்கூறுகள் மீன்வலைபோலக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைகின்றன. ஆகவே அது எளிதில் இளகாது, ஸ்பிரிட்டிலும் கரையாது, தண்ணீரையும் எண்ணெய்க் கறையையும் நன்கு தாங்கும். ஆனால் கீறல் விழுந்தால் அரக்கைப்போல எளிதில் ஒட்டுப்போட முடியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டே மறுபடி பூச வேண்டும். பூசும்போது எழும் ஆவி உடலுக்குத் தீங்கானது. சன்னல்களைத் திறந்து வைத்து, தக்க முகக்கவசம் அணிய வேண்டும். அருகில் அடுப்பு எரியக் கூடாது.

மீனவர்கள் படகுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெயைப் பூசினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் பதப்படுத்தாத அந்த எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். படகுக்கு ஏற்றது சமையலறைக்கு ஏற்றதாகாது.

முடிவு என்ன?

கைபடும், நீர்படும் கதவுகளுக்குப் பாலியூரிதேன் வார்னிஷ் பொருத்தம். கூடத்தில் உள்ள மேசைக்கும் படச் சட்டத்துக்கும் அரக்குப் பாலிஷ் போதும். எதுவானாலும் மழை நாளில் பூச வேண்டாம். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, படலம் பால்போல் வெளுக்கும்.

செய்து பாருங்கள்

ஒரே பலகையிலிருந்து அறுத்த, மெல்லிய, சம அளவுள்ள மூன்று துண்டுகளை ஆசாரியிடம் கேட்டு வாங்குங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதற்கு ஒரு பக்கம் மட்டும், மூன்றாவதற்கு எல்லாப் பக்கமும் பெரியவர்கள் உதவியோடு வார்னிஷ் பூசுங்கள். நன்றாக உலர்ந்ததும் எடை பாருங்கள். ஒரு மூடியுள்ள வாளியில் சிறிது தண்ணீர் ஊற்றி, நீரில் படாதபடி துண்டுகளைத் தொங்கவிட்டு மூடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி எடை பாருங்கள். துண்டின்மீது அளவுகோலை நேராக வைத்து வளைவையும் பாருங்கள்.

எந்தத் துண்டு அதிகம் வளைந்தது? குற்றவாளி மரமா, ஆசாரியா, பூசாமல் விட்ட அந்த மறுபக்கமா என்பதை இனி நீங்களே சொல்லலாம்.