பீடி எல்லோரையும் ஒரே மாதிரி கொல்வதில்லை

திருப்பூர் வேலம்பாளையம் பக்கம் பனியன் கம்பெனிகளில் ஆர்டர் நெருக்கும் நாட்களில் காலை எட்டரைக்கு உட்கார்ந்தால், ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகிவிடும். டீ டைமில்தான் பேக்கரி வாசலில் ஒரு டீயும் ஒரு பீடியும். வெளியே வர முடியாதவர் ஹான்ஸ் என்ற மெல்லும் புகையிலையை உதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டு பவர் டேபிளில் தைக்கிறார். தூக்கம் வராது, பசி தெரியாது, கை ஓடும் என்பார்கள். பீஸ் ரேட்டில் தைப்பவருக்குக் கை ஓடினால்தான் சனிக்கிழமை சம்பளம்.

புகை பிடித்தால் கேன்சர் வரும் என்பது சினிமா பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தமிழ்நாட்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, நாம் அதிகம் பேசாத ஒரு நோயைக் காட்டியது: காசநோய்.

சென்னையும் விழுப்புரமும் சொன்னது

டாக்டர் வி. கஜலட்சுமி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பீட்டோ ஆகியோரின் குழு செய்த இந்த ஆய்வு 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. 1990களின் பிற்பகுதியில் சென்னையிலும் விழுப்புரம் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் வீடுகளுக்குப் போய், அவர் புகைத்தாரா, எதனால் இறந்தார் என்று விசாரித்தார்கள். உயிரோடு இருந்த சுமார் 35,000 ஆண்களிடமும் புகைப் பழக்கம் பற்றிக் கேட்டார்கள். பிறகு இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டார்கள்.

25 முதல் 69 வயது வரையிலான ஆண்களில், புகைத்தவர்கள் காசநோயால் இறந்த விகிதம், புகைக்காதவர்களைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அந்த வயதில் காசநோயால் செத்த ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் சாவுக்குப் புகை காரணம் என்று கணக்கிட்டார்கள்.

எப்படி? நம்மில் பலரின் உடம்பில் காசநோய்க் கிருமி ஏற்கெனவே அடங்கிக் கிடக்கிறது. மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்யும் நுண்மயிர்களையும் நுரையீரலைக் காக்கும் செல்களையும் புகை பலவீனமாக்குகிறது. காவல் தளர்ந்ததும் கிருமி தலைதூக்குகிறது.

இங்கேதான் ஏற்றத்தாழ்வு வருகிறது. காற்றோட்டமான வீட்டில் தனி அறையில் இருப்பவரும் பீடி பிடிக்கலாம். லைன் வீட்டில் ஒரே அறையில் ஐந்தாறு பேராகப் படுப்பவரும் பிடிக்கலாம். இரண்டாமவருக்குக் கிருமி வந்து சேரும் வாய்ப்பு அதிகம். அவர் இருமினால் மற்றவர்களுக்கும் பரவும். நூற்பாலையில் வேலை பார்ப்பவருக்குப் பஞ்சுத் தூசு இன்னொரு சுமை. வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நெஞ்சு இறுக்கிப் பிடிப்பது பஞ்சுத் தூசு நோயின் பழைய அடையாளம். புகைப்பவருக்கு அந்த நோய் வருவதும் அதிகம்.

‘பீடிதானே, சிகரெட் இல்லையே’ என்று சமாதானம் சொல்வதிலும் அர்த்தமில்லை. 2008இல் வெளியான இந்திய ஆய்வின்படி, பீடி பிடிக்கும் ஆண் சராசரியாக 6 ஆண்டு ஆயுளை இழக்கிறார்; பெண் 8 ஆண்டு; சிகரெட் பிடிக்கும் ஆண் 10 ஆண்டு.

ஆசை இருக்கிறது, துணை இல்லை

2016-17இல் மத்திய அரசு எடுத்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 55 சதவீதம் பேர் விட நினைப்பதாகச் சொன்னார்கள். ஆனால் முயன்றவர்களில் பத்துக்கு ஏழு பேர் எந்த உதவியும் இல்லாமல் தனியாகவே முயன்றவர்கள். உதவியில்லாமல் முயல்பவர்களில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர்தான் ஆறு மாதம் தாண்டுகிறார்கள் என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் தோற்றவரை ‘மன உறுதி இல்லாத ஆள்’ என்று பேசுவது நியாயமில்லை.

அதே கணக்கெடுப்பின்படி, டாக்டரிடம் போன புகைப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ‘விட்டுவிடுங்கள்’ என்று சொல்லப்பட்டது. மெல்லும் புகையிலை போடுபவர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூட அது சொல்லப்படவில்லை. ஹான்ஸ் போடுபவரைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

விடுவது எப்படி?

விட்ட முதல் வாரம்தான் கஷ்டம்: எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல். இரண்டு முதல் நான்கு வாரத்தில் இது தணியும். ஒவ்வொரு முறை எழும் ஆசையும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆர்டர் நெருக்கும் வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். சம்பளம் வாங்கிச் சரக்கடிக்கும் சனிக்கிழமை இரவும் வேண்டாம்.

மெடிக்கலில் கிடைக்கும் நிகோட்டின் சூயிங்கம் வெற்றி வாய்ப்பைச் சுமார் 50 சதவீதம் கூட்டுகிறது. அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றால் பயனில்லை. காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். டீ, காபி, ஜூஸ் குடித்தால் கால் மணி நேரம் கழித்துத்தான் வாயில் போட வேண்டும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோயாக இருக்கலாம்; அரசு சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம்.

வயது போய்விட்டதே என்று தயங்க வேண்டாம். பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், 40 வயதில் விட்டவர்கள் சுமார் 9 ஆண்டு ஆயுளையும், 60 வயதில் விட்டவர்கள் சுமார் 3 ஆண்டையும் மீட்டார்கள்.

புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலுள்ள மையத்திலிருந்து தமிழில் பேசுவார்கள். பீகாரிலிருந்து வந்தவருக்கு இந்தியிலும் ஆலோசனை உண்டு. ஆனால் அந்த எண் காலை 8 முதல் இரவு 8 வரைதான், திங்கட்கிழமை லீவு. ஒன்றரை ஷிப்ட்காரருக்கு மிஞ்சுவது ஞாயிறு ஒன்றுதான். கம்பெனிக்குள் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்று 2008 முதல் சட்டம் இருக்கிறது. போர்டு மாட்டியதோடு முதலாளியும் கான்ட்ராக்டரும் நின்றுவிடாமல், அந்த எண்ணோடு பேச வேலை நேரத்தில் கூலி பிடிக்காமல் கால் மணி நேரம் விடட்டும். அதற்கு ஆகும் செலவு, ஒரு தேர்ந்த டைலர் காசநோயோடு ஆறு மாதம் படுப்பதைவிடக் குறைவு.