ஜிம்னிக்கு லிஃப்ட் போடலாமா? பெரம்பலூர் மண்ணு சொன்ன பதில்

இந்த ஒரு மாசத்துல அதிகமா வந்த கேள்வி இதுதான்: "ப்ரோ, ஜிம்னிக்கு ரெண்டு இன்ச் லிஃப்ட் போடலாமா?" நான் போட்டேன், மூணே மாசத்துல கழட்டிட்டேன். ஏன்னு சொல்றேன்.

என் ஓட்டம் எப்படின்னா, வாரக் கடைசியில சென்னையிலிருந்து பெரம்பலூர் வரை ஹைவே. ஊருக்குப் போனதும் காட்டுப் பாதை, அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓடி ஓடிக் குழியான ரோடு. ஐப்பசி, கார்த்திகை மழையில கரிசல் சேறு. லிஃப்ட் போட்டா இதெல்லாம் சுலபமாயிடும்னு நினைச்சேன்.

முதல் தப்பு அங்கதான். ஜிம்னிக்கு முன்னாடியும் பின்னாடியும் ரிஜிட் ஆக்சில், அதாவது ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒரே கட்டை. நீளமான ஸ்பிரிங் போட்டா பாடி மேல போகும், ஆனா ஆக்சிலும் அதன் நடுவுல இருக்கிற டிஃபரன்ஷியல் உருண்டையும் இருந்த இடத்துலயே இருக்கும். நடுவுல மேடு இருக்கிற வண்டிப் பாதையில தட்டுறது அந்த உருண்டைதான். அதை உயர்த்தணும்னா டயர்தான் பெருசாகணும். கணக்குப் பாருங்க: கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் சுமார் 693 மி.மீ. 215/75 போட்டா சுமார் 703. கூடுறதுல பாதிதான் அடியில கிடைக்கும், அதாவது வெறும் 5 மி.மீ!

அப்போ லிஃப்ட் வேஸ்டா? இல்லை. பாறையில ஏறும்போது பம்பரும், மேட்டு மேல கடக்கும்போது வயிறும் தட்டாம இருக்க உதவும். ஆனா கம்பெனி கொடுக்கிற ஜிம்னியே 210 மி.மீ கிரவுண்ட் கிளியரன்ஸ், 36 டிகிரி அப்ரோச் ஆங்கிளோட வருது. எனக்கு அதுக்கு மேல தேவைப்படவே இல்லை.

சரி, ஏன் கழட்டினேன்? ஒருநாள் ராத்திரி ஹைவேல வர்றேன், பின்சீட்ல அம்மா. ஒரு பாலத்தோட ஜாயின்ட்ல ஏறி இறங்கினதும் ஸ்டீயரிங் கடகடன்னு ஆட ஆரம்பிச்சது. மெதுவா வேகத்தைக் குறைச்சு ஓரம் கட்டுற வரைக்கும் நிக்கல. அம்மா எதுவும் கேக்கல. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

காரணம் கேஸ்டர். சைக்கிளோட ஃபோர்க் கொஞ்சம் சாய்ஞ்சு இருக்கும்ல? அந்தச் சாய்வுதான் சக்கரத்தைத் தானா நேராக்குது. ஜிம்னியில முன் ஆக்சிலைப் பிடிச்சிருக்கிற ஆர்ம், பாடி உயரும்போது ஆக்சிலையே கொஞ்சம் திருப்பிடும். சாய்வு குறையும், ஸ்டீயரிங் பிடிமானம் இல்லாம லேசாயிடும். கூடவே பான்ஹார்டு ராடு கோணம் மாறி, ஆக்சில் ஒரு பக்கமா நகரும். இதைச் சரிபண்ண கேஸ்டர் கரெக்‌ஷன் புஷ், நீளம் மாத்தக்கூடிய பான்ஹார்டு ராடு வேணும். ஷாக் அப்சார்பர் நீளமும் பிரேக் ஹோஸ் நீளமும் பார்க்கணும். நான் ஸ்பிரிங்கும் ஷாக்கும் மட்டும் மாத்தினேன். கோடுல ஒரு லைப்ரரியை மட்டும் அப்டேட் பண்ணிட்டு, அதை நம்பியிருக்கிற எதையும் டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்ண மாதிரி.

சட்டத்தையும் பாருங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி, ஆர்.சி.யில இருக்கிற விவரம் கம்பெனி ஸ்பெக்கிலிருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்துச்சு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில்னும் சட்டத்துல இருக்கு. அதனால ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் கேட்டுட்டு அப்புறம் கையை வைங்க.

இப்போ என் வண்டியில என்ன இருக்கு? பழைய ஸ்பிரிங், அதே சைஸ்ல ஆல்-டெரெய்ன் டயர், ஒரு 12 வோல்ட் காத்துப் பம்பு. கரிசல்ல மாட்டுறது உயரம் பத்தாம இல்லை, டயர் பட்டன்ல சேறு அடைச்சு வழுக்குறதாலதான். காத்தை 18 பி.எஸ்.ஐ.க்குக் குறைச்சா டயர் தரையில அகலமாப் பதியும். ரோட்டுக்கு ஏறும்போது கதவோரம் ஒட்டியிருக்கிற அளவுக்கு மறுபடி அடிச்சுக்கணும்.

எப்பவும் நாலு பேரும் சாமானுமா போறவங்க, பின்பக்கம் இறங்கித் தட்டுதுன்னா, கொஞ்சம் கெட்டியான பின் ஸ்பிரிங் யோசிக்கலாம். தனியா ஓட்டுறவங்களுக்கு அது முதுகைத்தான் உடைக்கும்.

கடைசியா ஒண்ணு. காரை பக்கம் அந்தச் செம்மண் ஓடைகளைப் பார்த்ததும் வண்டியை இறக்கத் தோணும். வேண்டாம் மக்களே. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடலா இருந்த இடம் அது, கடல் உயிரினங்களோட புதைபடிவங்கள் காலடியிலயே கிடக்கு. எந்த டயர் ஏறினாலும் தூளாயிடும். வண்டியை ரோட்டோரம் நிறுத்திட்டு நடந்து போங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.