வேண்டாத பிரபு!

பட்டம் கிடைக்காதா என்று நாயாய் அலைகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். 'ஐயா சாமி, எனக்கு வேண்டவே வேண்டாம்' என்று கோர்ட் வரை போய் மல்லுக்கட்டிய ஆசாமியைத் தெரியுமா? பிரிட்டனில் லேபர் கட்சியின் டோனி பென்தான் அவர்.

வில்லங்கத்தை ஆரம்பித்து வைத்தது அப்பா வில்லியம் வெட்ஜ்வுட் பென். (1929-லிருந்து 31 வரை இந்தியா மந்திரி. அதாவது, லண்டனில் உட்கார்ந்து நம் தலையெழுத்தை எழுதியவர்!) யுத்த சமயத்தில் பிரபுக்கள் சபையில் லேபர் கட்சிக்கு ஆள் பற்றாக்குறை. 1942-ல் இவரை 'விஸ்கவுன்ட் ஸ்டான்ஸ்கேட்' ஆக்கிவிட்டார்கள். பரம்பரைப் பட்டம். அப்பாவுக்குப் பின் மூத்த பிள்ளைக்கு.

மூத்தவர் மைக்கேல், பாதிரியாராகும் எண்ணத்தில் இருந்தவர். ஆட்சேபிக்கவில்லை. ஆனால், 1944-ல் விமானப் படையில் இருந்தபோது இறந்து போனார். பட்டம் அடுத்தவர் டோனியின் தலைக்கு மேல் கத்தியாகத் தொங்க ஆரம்பித்தது.

பட்டம் எப்படிக் கத்தியாகும் என்கிறீர்களா? அந்தக் காலத்தில் பிரபுவானவர் மக்கள் சபையில் உட்காரக் கூடாது. டோனியோ 1950-லேயே பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி எம்.பி.! 1955-ல் அப்பாவே மகனை விடுவிக்க ஒரு மசோதா கொண்டு வந்து பார்த்தார். பலிக்கவில்லை.

1960 நவம்பரில் அப்பா காலமானார். அவ்வளவுதான்... மகன் பிரபு, எம்.பி. பதவி கோவிந்தா! அழுது முடிக்கக்கூட அவகாசம் தராத சட்டம்.

மனிதர் விடவில்லை. 1961 மே மாத இடைத்தேர்தலில் அதே தொகுதியில் நின்றார். எதிர் முகாமின் சர்ச்சிலே ஆதரவுக் கடிதம் கொடுத்தார் என்றால் பாருங்களேன்! 13,044 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயம். சபைக்குப் போனால் வாசலிலேயே மறித்துவிட்டார்கள். கேஸ் நடந்தது. தோற்ற கன்சர்வேடிவ் வேட்பாளருக்கே சீட் என்று தீர்ப்பு!

ஜெயித்தவர் வீட்டில், தோற்றவர் சபையில். இந்தக் கூத்தை எத்தனை நாள் தாங்கும்? 1963 ஜூலை 31-ல், பட்டத்தைத் துறக்க வழி செய்யும் சட்டம் வந்தது. அன்று மாலையே முதல் ஆளாகத் துறந்தார் பென். அந்தக் கன்சர்வேடிவ்காரரும் கண்ணியமாக ராஜினாமா செய்ய, ஆகஸ்ட் இடைத்தேர்தலில் பென் மறுபடி எம்.பி.

தமாஷ் இனிமேல்தான். பென் வாங்கிய சட்டத்தால் பிரதமர் நாற்காலியே கிடைத்தது யாருக்கு? எதிர்க்கட்சிக்கு! அக்டோபரில் பிரதமரான கன்சர்வேடிவ் தலைவர் ஹியூம் ஒரு பரம்பரைப் பிரபு. அந்த வம்சத்தில் 14-வது. பதவியேற்ற நாலே நாளில், பென் போட்ட பாதையில் பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு மக்கள் சபைக்குக் கிளம்பினார்.

ஒரு கொக்கி பாக்கி. துறந்தது பென்னின் ஆயுளுக்கு மட்டும்தான். பட்டம் சாகவில்லை, தூங்கிக் கொண்டிருந்தது. இரண்டாவது மகன் ஹிலாரி 1999-ல் ஓட்டு வாங்கி மக்கள் சபைக்கு வந்து, மந்திரியும் ஆனார். 2014 மார்ச்சில் பென் காலமானதும், மூத்த மகன் ஸ்டீபன் மூன்றாவது விஸ்கவுன்ட் ஸ்டான்ஸ்கேட். அவர் துறக்கவில்லை. 2021-ல் பிரபுக்கள் சபைக்குள் போய் உட்கார்ந்தும்விட்டார்!