உயிர்ச்சத்து டி-யும் தைராய்டு குறைசுரப்பும்: கம்பம் பள்ளத்தாக்குப் பின்னணியில்

தைராய்டு குறைசுரப்பு என்பது கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பி, உடலுக்குத் தேவையான அளவு தைராக்சினைச் சுரக்காத நிலையாகும். இந்நோய் உள்ள பலருக்கு உயிர்ச்சத்து டி-யும் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் உயிர்ச்சத்து டி, தைராக்சினுக்கு மாற்று மருந்து அன்று. சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைசுரப்பு இருந்தது.

வெயில் மிகுந்த நிலத்தில் குறைபாடு

சூரிய ஒளியின் புற ஊதா பி கதிர்கள் தோலில் படும்போது உயிர்ச்சத்து டி உருவாகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதைச் செயல்படும் வடிவத்திற்கு மாற்றுகின்றன. இக்கதிர்கள் நண்பகலை ஒட்டிய நேரத்திலேயே வலுவாக இருக்கும்.

வெயில் மிகுந்த ஊரில் இக்குறைபாடு வராது என்று சொல்ல முடியாது. ஆந்திராவின் திருப்பதிப் பகுதியில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், கிராமத்து ஆண்களில் 44 விழுக்காட்டினரிடமும் பெண்களில் 70 விழுக்காட்டினரிடமும் குறைபாடு காணப்பட்டது. அதற்கும் தெற்கே, ஏறத்தாழ 10 பாகை வடக்கு அகலாங்கில் உள்ள தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலும் நிழலில் நடக்கும் வேலைகள் உண்டு. இங்கு திராட்சை பந்தலில் படர்கிறது. அதிகாலையில் ஜீப் ஏறி இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குச் செல்வோர் மர நிழலில் வேலை செய்கின்றனர். பெண்கள் பலர் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை அணிந்து தலையில் துணி கட்டிக்கொள்கின்றனர். இதனால் தோலில் படும் கதிர் குறைகிறது.

இரண்டுக்கும் உள்ள தொடர்பு

உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் ஆசிமோட்டோ நோய், குறைசுரப்பிற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. நோயெதிர்ப்பைச் சீராக்குவதில் உயிர்ச்சத்து டி-க்கும் பங்கு இருப்பதால் இத்தொடர்பு ஆராயப்படுகிறது. தில்லியில் 642 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், உயிர்ச்சத்து டி அளவிற்கும் தைராய்டு எதிர்ப்பொருள்களுக்கும் மிக மெல்லிய தொடர்பே தென்பட்டது. கொல்கத்தாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், எட்டு வாரம் உயிர்ச்சத்து டி பெற்றவர்களிடம் எதிர்ப்பொருள்கள் குறைந்தன. ஆனால் எதிர்ப்பொருள் குறைவதும் சுரப்பி மீண்டும் இயங்குவதும் ஒன்றல்ல.

மருந்து உட்கொள்ளும் முறை

சோர்வும் தசைவலியும் இரு குறைபாடுகளிலும் வரும். எனவே அறிகுறியை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், டிஎஸ்எச் அளவையும் உயிர்ச்சத்து டி அளவையும் இரத்தப் பரிசோதனையில் தனித்தனியே அறிய வேண்டும். உயிர்ச்சத்து டி, மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருப்பது பொதுவாகக் குறைபாடாகக் கருதப்படுகிறது.

தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தேநீர், காபி, உணவைத் தவிர்க்க வேண்டும். விடியுமுன் வேலைக்குக் கிளம்புவோருக்கு இது கடினமெனில், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து உட்கொள்ளலாமா என மருத்துவரிடம் கேட்கலாம். உயிர்ச்சத்து டி பெரும்பாலும் கால்சியத்துடன் சேர்த்தே விற்கப்படுகிறது. கால்சியமும் இரும்புச்சத்தும் தைராக்சினைக் குடல் உறிஞ்சுவதைத் தடுப்பதால், இவற்றுக்கிடையே நான்கு மணி நேர இடைவெளி தேவை.

60,000 அலகு கொண்ட உயிர்ச்சத்து டி மருந்து வழக்கமாக வாரம் ஒருமுறை, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டுமே தரப்படுகிறது. அதை நாள்தோறும் உட்கொண்டால் இரத்தத்தில் கால்சியம் மிகுந்து வாந்தி, தீராத தாகம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை ஏற்படக்கூடும்.

உயிர்ச்சத்து டி எலும்பிற்கும் தசைக்கும் பயன்தரும். தைராக்சினின் வேலையை அது செய்யாது. மருத்துவர் சொல்லாமல் தைராக்சினை நிறுத்தினால் நோய் முற்றும். கருவுற்ற பெண் அவ்வாறு நிறுத்தினால் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படலாம்.